ஐயா காலத்து ரைபிளுக்கு ஈயச்சொம்ப உருக்கி குண்டு ஊத்தலாமா?

தேவகோட்டைலருந்து ஒரு தம்பி கேக்குறாரு. அப்பச்சி, அதான் அப்பா, தவறி நாலு மாசமாம், இரண்டாங்கட்டு அறைய ஒழிக்கிறப்ப ஐயா, அதான் தாத்தா, ரங்கூன்லருந்து கொண்டாந்த ரைபிளும் இடுக்கி மாதிரி ஒரு குண்டு அச்சும் கெடச்சுதாம், கடைல இந்த அளவுக்கு தோட்டா இல்லையாம், பழைய ஈயச்சொம்ப உருக்கி ஊத்திக்கலாமா, குழலுக்கு எப்படி அளவு சேக்குறதுன்னு.

ஊத்தாதீங்க தம்பி, அளவும் நான் சொல்லப்போறதில்ல. மொதல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம் (டின்), 232 டிகிரிலயே உருகும், அதான் வெறுஞ்சொம்ப அடுப்புல வச்சா ஆச்சிமார் சத்தம் போடுறது. குண்டு ஊத்துனது காரீயத்துல (லெட்), அது வேற சாமான், அதோட தூசி புள்ளைங்க மூளைக்கே ஆகாது. அளவு தப்புன குண்டு குழல்ல சிக்குனா அடுத்த வெடில குழலே பொளந்துக்கும்.

1959 ஆயுதச் சட்டத்துல தோட்டான்னா முழுத் தோட்டா மட்டுமில்ல, அதோட பாகம், அத செய்யற கருவி எல்லாம் சேத்திதான். லைசென்ஸ் இல்லாம செஞ்சா 2019 திருத்தத்துக்கப்பறம் கொறஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும்.

இனிமே ஒருத்தன் வருவான் பாருங்க, கதவு, தூண், பீங்கான்னு வெல கேட்டு வர்ற பழைய சாமான் புரோக்கர். "இது ஆன்டிக், லைசென்ஸே வேணாம், நான் எடுத்துக்கிறேன்"ம்பான். நம்பி குடுத்துட்டு அப்பறம் ஸ்டேஷனுக்கு அலைஞ்ச குடும்பத்த நானே பாத்திருக்கேன், அவன் போன எடுக்கவே இல்ல. அவன் சொல்றது பாதி நெசம், அதுதான் வெனையே. 45வது பிரிவுல வெலக்கு இருக்கு. ஆனா பழசா இருந்தா போதாது, ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாததா இருக்கணும். துரு புடிச்சா போதாது, விசை உடைஞ்சா போதாது, விசைய மாத்தி சுடலாம்ல? நீங்க அதுக்கு குண்டு ஊத்த கெளம்புனீங்கன்னா அது சுடும்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி, அப்பறம் ஆன்டிக்னு எந்த வாயால சொல்றது?

நாலு மாசம் வச்சிருந்ததே தப்பு. லைசென்ஸ்காரர் போனதும் தாமதிக்காம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைலயோ ஒப்படைக்கணும்னு 21வது பிரிவு சொல்லுது. அப்பச்சியோட லைசென்ஸ் புக்க தேடி எடுங்க, வக்கீல கூட்டிட்டு போங்க, ரைபிள் நம்பரோட கையெழுத்து போட்ட ரசீது வாங்காம படி எறங்காதீங்க. "நாளைக்கு வாங்க, ரைட்டர் இல்ல"ம்பாங்க, உக்காந்துருங்க. அப்பறம் வாரிசு சான்றிதழ், கூடப்பொறந்தவங்க சம்மதக் கடிதம் வச்சு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல உங்க பேருக்கு விண்ணப்பிக்கலாம். ஃபைல் தாசில்தாருக்கும் போலீசுக்கும் நடுவுல தூங்கும், எழுப்புறது உங்க வேலதான், சம்பளம் வாங்குறவங்க எழுப்ப மாட்டாங்க. ஒப்படைச்சத திரும்ப வாங்க சட்டம் குடுக்குற கெடு தாண்டுனா ரைபிள் அரசாங்கத்துக்கு போயிரும், தேதிய குறிச்சு வைங்க.

அந்த அச்சையும் மறக்காம கூடவே குடுத்துருங்க. சொம்பு ஆச்சிகிட்டயே இருக்கட்டும்.