சிறிய திறந்த மூல நிரலுக்கு எந்த பில்ட் கருவி?

இருபது சி மொழிக் கோப்புகள் கொண்ட நிரல். ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவித் தொகுப்பை (மூலக் கோப்புகளைத் தொகுத்து ஓடும் நிரலாக்குவது) விட்டு எளிய பில்ட் கருவிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் மாறுங்கள்.

ஆட்டோடூல்ஸ் உருவாக்கித் தரும், கணினியைச் சோதித்துத் தொகுப்புக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். அதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவருக்கு அதுவே வசதியாகப் போனது. தீங்கைத் தொடங்கிவைத்த எம்4 வரிகள் (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கப் பயன்படுபவை) எல்லோரும் பார்க்கும் கிட் மூலக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. உதவ வரும் புதியவர் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு பில்ட் கோப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

லினக்ஸில் மட்டும் ஓடினால் போதும், வெளி நூலகங்கள் ஒன்றிரண்டுதான் என்றால் கையால் எழுதிய மேக்ஃபைலே (மேக் என்ற கருவிக்கான பில்ட் கோப்பு) போதுமானது. ஒன்றில் மட்டும் கவனம் வையுங்கள்: கட்டளை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். எடிட்டர் அதை எட்டு இடைவெளிகளாக மாற்றிவிட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று பிழை காட்டி மேக் நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

விண்டோஸிலும் ஓட வேண்டுமென்றால் மீசான் என்ற பில்ட் கருவியை எடுங்கள். நிரலின் பெயருக்கு ஒரு வரி, நூலகத்துக்கு ஒரு வரி, மூலக் கோப்புகளுக்கு ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதன் பின்னால் இயங்கும் நிஞ்சா என்ற கருவி, மாறிய கோப்புகளை மட்டும் மீண்டும் தொகுக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி போன்ற பெரிய திட்டமே 2017இல் ஆட்டோடூல்ஸிலிருந்து மீசானுக்கு மாறியது. மீசான் ஓட, பைத்தான் நிறுவியிருக்க வேண்டும். சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியும் வேலை செய்யும்; ஆனால் அதன் மொழி இந்த அளவு நிரலுக்குக் கனம் என்பது என் கருத்து.

பழைய பில்ட் கோப்பையும் புதியதையும் ஒரு வெளியீட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்காதீர்கள். புதிய மூலக் கோப்பை ஒன்றில் சேர்த்து, மற்றதில் மறந்துவிடுவோம்.