விடுமுறை நாளில் தேசியப் பூங்கா வழியே தனியாக பைக்கில் போகலாமா? எப்படி இருக்கும்?

நான் மைசூரில் வேலை பார்ப்பவன். எனக்கு வாரவிடுப்பு புதன்கிழமை. சென்ற ஆகஸ்டு மாதப் புதன்கிழமை ஒன்றில் பந்திப்பூர், முதுமலை, மசினகுடி வழியாகத் தனியாக ஊட்டிக்குப் போய் அன்றே திரும்பினேன். அந்த ஒரு நாளை வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. 2009-இல் வந்த இந்தத் தடையைப் பற்றி முணுமுணுப்பவர்கள் உண்டு. சாலையோரத்துப் புல்லை மேய மான்கள் எவ்வளவு நெருக்கத்தில் வந்து நிற்கின்றன என்பதைப் பார்த்தபின் எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. காலை 5 மணிக்குப் புறப்பட்டு, குண்டல்பேட்டையில் பெட்ரோல் நிரப்பி, சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக்கிடந்த வயல்களைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

வேகமாக ஓட்டும் ஆசையோடு இங்கே வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். வேகத்தடை ஒன்றைத் தாண்டிக் கியரை மாற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனால் காருக்குள் இருப்பவருக்குக் கிடைக்காத ஒன்று பைக்கில் போகிறவருக்குக் கிடைக்கிறது: வாசனை. ஈரமண்ணின் வாசனை, சாலையின் இருபுறமும் புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் காரநெடி, பிறகு, கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே, யானைச் சாணத்தின் வாசனை.

அந்த வாசனை வந்த சிறிது நேரத்தில் முன்னால் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதைத் தாண்டிப் போக நான் வண்டியை வலப்புறம் ஒடித்தபோது, நடத்துநர் சன்னல் வழியே கையை நீட்டி, "தம்பி, முன்னாடி போகாதீங்க, குட்டியோட நிக்குது. வண்டியைத் திருப்பி பின்னாடி நிறுத்துங்க" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் வண்டியைத் திருப்பும்போதுதான் புரிந்தது. காரைப் பின்னோக்கி எடுத்துவிடலாம். என்னுடைய 350 சிசி வண்டியைக் காலால் உந்தித் திருப்புவதற்கே அரை நிமிடம் ஆனது, யானை அந்த அரை நிமிடத்தை எனக்குத் தரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஹாரன் யாரும் அடிக்கவில்லை. தாய் காதுகளை மெல்ல ஆட்டியபடி மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. குட்டி அதன் முன்னங்கால்களுக்கு இடையில் நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அவை புதருக்குள் இறங்கிய பின்னரே பேருந்து நகர்ந்தது.

மாநில எல்லையான கக்கநல்லா சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோயிருந்தேன். ஊட்டிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையும் உண்டு. அதை வீட்டிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

தெப்பக்காட்டில் இடப்புறம் திரும்பி மசினகுடிச் சாலையைப் பிடித்ததும் காடே வேறாகிறது. மழைமறைவுப் பகுதி என்பதால் உயர்ந்த மரங்கள் குறைந்து முட்புதர்கள் தொடங்குகின்றன. அதன்பின் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் பலவற்றை நான் முதல் கியரிலேயே ஏறினேன். கீழே வியர்த்துக்கொண்டிருந்தவன், மேலே மூடுபனிக்குள் நுழைந்தபோது கையுறை கொண்டுவராத மடத்தனத்துக்காக என்னையே திட்டிக்கொண்டேன். கிளட்ச்சைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் விறைத்திருந்தன. ஊட்டியில் சாப்பாடும் இரண்டு டீயும் மட்டுமே.

அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளைக் கீழிறங்க விடுவதில்லை என்பதால், 2 மணிக்கே கிளம்பிக் கூடலூர் வழியாகத் திரும்பினேன். தனியாகப் போகலாமா என்றால், போகலாம். பகலில், முன்னால் ஒரு பெரிய வண்டி கண்ணில் படும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு. தெப்பக்காட்டிலிருந்து காடு முடியும்வரை கேரட் மூட்டைகள் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னாலேயே வந்தேன். கழுவி ஏற்றிய கேரட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் காற்றில் சிதறி ஹெல்மெட் கண்ணாடியில் தெறித்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து ஓட்டினேனே தவிர, அந்த லாரியை முந்தவில்லை.