எடையை ஏற்றுவது தீபாவளியா, தீபாவளி டப்பாவா?

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரையில் ஒரு வங்கியில் வேலை. ஆயுத பூஜையில் தொடங்கிப் பொங்கல் முடிவதற்குள் ஒவ்வொரு வருடமும் இரண்டு கிலோ கூடிவிடுகிறது. அப்புறம் முழுதாக இறங்குவதே இல்லை. அம்மாவும் அக்காவும் குண்டுதான். இது பரம்பரையா, தைராய்டா? என்னைவிட அதிகம் சாப்பிடும் என் கணவருக்கு எடை ஏறவே இல்லையே, எப்படி? இந்த வருடம் பண்டிகைக்கு முன்பே சில நாள் பட்டினி கிடந்து குறைத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பட்டினி வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடல் செலவழிப்பதைவிட ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு லேகியம், இட்லியும் கறிக்குழம்பும், அதிரசம், மதியம் பிரியாணி, சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தட்டு என்று ஒரு பிடி பிடித்தாலும், வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடினால் அதிகம். கொழுப்புக் கணக்கில் அது 200 கிராம்கூட இல்லை. ஆனால் மறுநாள் எடை மெஷின் ஒன்றரைக் கிலோ ஏற்றிக் காட்டும். பயந்துவிடாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைகோஜன் என்ற வடிவத்தில் ஈரலிலும் தசையிலும் சேர்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்ஸரிலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் இது வடிந்துவிடும்.

வடியாமல் நிற்பது, பண்டிகை முடிந்த மறுநாளிலிருந்து ஆரம்பிக்கும் கணக்கு. வீட்டில் செய்தது இரண்டு எவர்சில்வர் டப்பா, உறவினர் கொடுத்தது ஒன்று, கடையில் வாங்கிய பெட்டி ஒன்று. நீங்கள் வங்கியில் இருப்பதால் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் ஸ்வீட் பாக்ஸ் வேறு, மேஜையில் திறந்தபடியே கிடக்கும். காலை காபியோடு ஒரு முறுக்கு, பதினோரு மணிக்கு ஒரு துண்டு மைசூர்பாகு, சாயங்கால டீக்கு ஒரு கை மிக்ஸர். இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது, ஆனால் நாளொன்றுக்கு 400 கலோரி தாராளமாக ஆகிவிடும். இருபது நாளில் 8,000 கலோரி. அதாவது ஒரு கிலோ. டப்பா காலியாகும்போது கார்த்திகைப் பொரி உருண்டை வந்துவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல், தை மாதக் கல்யாணங்கள். போதாததற்கு வடகிழக்குப் பருவமழையில் காலை நடையும் நின்றுபோகிற காலம் இது.

இனிப்பைத் தொடாமல் காரத்தை மட்டும் சாப்பிட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எண்ணெயில் பொரித்த மிக்ஸர், ரிப்பன் பகோடா, முறுக்கு எல்லாமே 100 கிராமுக்கு 500 கலோரியைத் தொடுபவை. பாகில் ஊறிய குலாப் ஜாமூனை அதே எடைக்கு எடுத்தால் அதைவிடக் குறைவுதான். சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டாலும் கலோரி பெரிதாக மாறாது. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தாலும் நெய் நெய்தான். லேகியம் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதிலேயே வெல்லமும் நெய்யும் இருக்கின்றன.

ஏறியது ஏன் இறங்குவதில்லை? உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாக 0.37 கிலோதான் கூடியது. ஏறியது அதைவிட அதிகம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு: அந்தச் சிறு எடை அடுத்த கோடைக்காலம் வரையிலும் இறங்கவில்லை. பசி பழையபடியே கேட்கிறது, கூடிய உடம்பும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. எடையைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தும் நிறைவைத் தரும் ஹார்மோன்கள் தாழ்ந்தும் இருந்ததை 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் ஏற்றிவிட்டு இறக்குவதைவிட, ஏறாமல் பார்த்துக்கொள்வது பல மடங்கு எளிது என்கிறேன். இந்த மூன்று மாதமும் எடை குறைக்க முயலவே வேண்டாம். இருக்கிற எடையில் நின்றாலே வெற்றி.

பரம்பரைக்கு வருவோம். உடல் எடையில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. 1990-ல் கனடாவில் உருவொத்த இரட்டையர்கள் 12 ஜோடிகளுக்கு, வாரத்தில் ஆறு நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நூறு நாள் முடிவில் சிலருக்கு 4 கிலோ ஏறியது, சிலருக்கு 13 கிலோ. ஒரே ஜோடியில் இருந்த இருவருக்கும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஆக, அதே சாப்பாட்டுக்கு உங்கள் உடம்பும் கணவர் உடம்பும் வேறு வேறாக நடந்துகொள்வதில் அதிசயம் இல்லை. ஆண்களுக்குத் தசை அதிகம் என்பதால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே செலவும் அதிகம்.

ஆனால் அவர் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து ‘லான்செட்’ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் (பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கலாம். உங்கள் கணவர் இன்றைக்கே ஒரு டேப் எடுத்து இடுப்பை அளக்கட்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் நமக்கான எல்லை. உடல் நிறை எண்ணிலும் நமக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன்.

தைராய்டு சந்தேகத்துக்கு ஒரு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை போதும். தைராய்டு குறைபாட்டால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய நீரும் உப்பும். மேலும், தைராய்டு காலண்டர் பார்த்து ஆயுத பூஜைக்கு வந்து பொங்கலுக்குப் போகாது! பரிசோதனை சரியாக இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். நாற்பது தாண்டியதால் உடம்பு எரிப்பதைக் குறைத்துக்கொண்டது என்பதும் அவ்வளவு சரியில்லை. 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, 20 முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், சில மனநல மருந்துகள், சர்க்கரை நோய்க்கான இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவை எடையை ஏற்றக்கூடியவை. இவற்றில் ஏதாவது எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, பட்டினி. முந்தின வாரம் பட்டினி கிடந்தால் குறைவதில் பாதி அந்தக் கிளைகோஜன் தண்ணீர்தான், முதல் அதிரசத்திலேயே திரும்பிவிடும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதிய விருந்துக்கு வயிற்றைக் காலியாக வைத்திருப்பவர்கள், நடுவில் டப்பாவைத்தான் திறக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தும்கூட.

செய்ய வேண்டியது எதுவென்றால், பிரிட்டனின் பர்மிங்ஹாமில் 272 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார்கள், சில எளிய குறிப்புகள் கொடுத்தார்கள், எந்தப் பலகாரத்தைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அப்படிச் செய்தவர்கள் மற்றவர்களைவிட அரைக் கிலோ குறைவாக இருந்தார்கள். நீங்கள் புதனும் ஞாயிறும் காலையில், காபிக்கு முன்பு எடை பார்த்து தினசரிக் காலண்டரிலேயே எழுதுங்கள். பண்டிகைக்கு அடுத்த நாலு நாள் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். அதற்குப் பிறகும் அரைக் கிலோவுக்கு மேல் நின்றால் அந்த வாரம் பலகாரத்துக்கு விடுமுறை.

டப்பாவை என்ன செய்வது? வழக்கமாகச் செய்வதில் பாதி செய்யுங்கள். கொடுக்க வேண்டியதைத் தீபாவளியன்றே கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை டிவி பக்கத்திலோ சாப்பாட்டு மேஜையிலோ வைக்காமல் பரண்மேல் ஏற்றுங்கள். சாப்பிடும்போது டப்பாவோடு உட்காராமல் தட்டில் எடுத்து வைத்து, மூடிவிட்டு வாருங்கள். நாளுக்கு ஒன்று, அதுவும் மதியச் சாப்பாடு முடிந்தவுடன், டீயோடு வேண்டாம். சாயங்காலப் பசிக்கு நவராத்திரிச் சுண்டலை நவராத்திரியோடு நிறுத்தாமல் பொங்கல் வரை தொடரலாம், புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும். மழை நாளில் வங்கிப் படிக்கட்டும் வீட்டுக் கூடமும் போதும். அரை மணி நேர நடையில் செலவாவது 120, 150 கலோரிதான். அது மைசூர்பாகை ஈடுகட்டாது, ஆனால் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரைக்கு நல்லது. தூக்கத்தையும் விடாதீர்கள். 2022-ல் வந்த ஓர் ஆய்வில், குறைவாகத் தூங்கியவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதும், தாங்களாகவே நாளுக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

கல்யாணப் பந்தியில், பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்ப்பதற்கு முன்பே இலைமேல் கையை நீட்டிவிடுங்கள். விழுந்தபிறகு வேண்டாம் என்றால் மிச்சம் வைக்க மனசு வராது.

தை முடிந்ததும் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். 80-ஐத் தாண்டியிருந்தால், அம்மா, அக்கா உடல்வாகையும் சொல்லி, ரத்தச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு அளவு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிப்போங்கள்.