கணினிக் கேள்வி பதில்: ‘ஓல்ட்’ என்றால் குப்பையா?

கேள்வி: எங்கள் அச்சகத்துக்கென்று சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். டெபியன் லினக்ஸ் 12-இலிருந்து 13-க்கு மாறியபின், மெயிலை அனுப்பிவாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டியைத் திறந்துகாட்டும் டவ்காட் ஆகியவற்றின் அடைவுகளில் ‘ஓல்ட்’, ‘டிஸ்ட்’ என்று முடியும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் சேர்ந்துகிடக்கின்றன. நானே எடுத்துவைத்த பிரதிகளும் உண்டு. மெயில் ஒழுங்காக வந்துபோகிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஒருசேர அழிக்க வேண்டாம். மேம்படுத்தும்போது, புதிய கோப்பைப் போடலாமா என்ற கேள்விக்கு நீங்கள் சம்மதித்திருந்தால், உங்கள் கைப்படத் திருத்திய கோப்பு ‘ஓல்ட்’ என்று ஒதுக்கப்பட்டிருக்கும். மறுத்திருந்தால், மென்பொருள் பேக்கேஜோடு வந்த புதிய கோப்பு ‘டிஸ்ட்’ என்று கிடக்கும். ஆகவே குப்பையாகத் தெரியும் ‘ஓல்ட்’ கோப்பில்தான் உங்கள் பல வருட உழைப்பு இருக்கக்கூடும். நடப்புக் கோப்போடு ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்தபின் நீக்குங்கள். ஆனால் டவ்காட்டின் பழைய வரிகளை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். டெபியன் 13-இல் வருவது 2.4 பதிப்பு, அதற்கு 2.3-இன் கான்ஃபிக் பொருந்தாது. உதாரணமாக, பாதுகாப்புச் சான்றிதழ்க் கோப்பைக் காட்டும் பழைய ‘எஸ்எஸ்எல்_செர்ட்’ இப்போது ‘எஸ்எஸ்எல்_சர்வர்_செர்ட்_ஃபைல்’.

என் கவலையெல்லாம் உங்கள் சொந்தப் பிரதிகளைப் பற்றித்தான். ‘ஓல்ட்’, ‘டிஸ்ட்’ கோப்புகளை டவ்காட் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் ‘கான்ஃப்.டி’ அடைவில் ‘10-மாஸ்டர்-பழசு.கான்ஃப்’ என்று நீங்கள் ஒன்றை வைத்திருந்தால், பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிவதால் அதையும் வாசித்துவிடும். ஒரே அமைப்பு இரண்டு கோப்பிலும் இருந்தால், பின்னால் வாசிக்கப்படுவதே செல்லும். எது நடப்பில் இருக்கிறது என்பதை ‘டவ்கான்ஃப் -என்’ காட்டிவிடும். பயனர் பட்டியலை டேட்டாபேஸில் வைத்திருந்தால், 2.3 காலத்து எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் இணைப்பு) கோப்பில் டேட்டாபேஸின் கடவுச்சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். தேவையில்லையெனில் முதலில் போகவேண்டியது அதுதான்.

போஸ்ட்ஃபிக்ஸில் வேலை குறைவு. ‘போஸ்ட்கான்ஃப் -என்’ கொடுத்தால், யாரும் பயன்படுத்தாத அமைப்புகளை அதுவே எச்சரித்துச் சொல்லும். மெயில் இணைப்பை மறையாக்கம் செய்வதற்கான பழைய அமைப்பு ‘எஸ்எம்டிபிடி_யூஸ்_டிஎல்எஸ்’ இன்னும் இருந்தால், அதற்குப் பதிலாக ‘எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல்’ எழுதுங்கள்.

‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் ‘ஆர்சி’ என்று தொடங்குபவை, நீக்கப்பட்டும் கான்ஃபிக் மட்டும் தங்கிவிட்ட பேக்கேஜ்கள். அவற்றைப் ‘பர்ஜ்’ செய்யலாம், அதாவது கான்ஃபிக்கோடு முழுதாக நீக்கலாம். சில பேக்கேஜ்கள் தரவையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதால், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். இதற்கெல்லாம் முன்பாக கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் ‘ஈடிசி’ அடைவு முழுவதையும் ஒரே ‘டார்’ கோப்பாகக் கட்டி வேறொரு கணினியில் வைத்துவிடுங்கள். ஆனித் தேரோட்ட நோட்டீஸ்கள் அச்சில் ஏறும் வாரத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள்.