இசட்4-க்கு எந்த ஷாக் போடலாம்? வண்டியை இறக்காமலே பிடிமானம்

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டை. 2012 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்குநேரி தாண்டி வேகமெடுத்தால் வண்டி மிதக்கிறது. புளியரை எஸ் வளைவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்போது உடம்பு தூக்கிப் போடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம். மெக்கானிக், நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு என்கிறார். நண்பர்கள், காயில்ஓவர் (உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்-ஷாக் ஜோடி) போட்டு 3 சென்டிமீட்டர் இறக்கிவிடு என்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, இறக்க வேண்டாம். கம்பெனி ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்துக்கென்று செய்த நல்ல மோனோடியூப் (ஒற்றைக்குழாய்) ஷாக்கை நாலு சக்கரத்துக்கும் போடுங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஒன்று, அந்த ‘டொக்’ சத்தம். ஷாக் தேய்ந்தால் வண்டி ஆடும், மிதக்கும். ‘டொக்’ என்று தட்டுவது பெரும்பாலும் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்ட் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி கம்பி போட்டு நெம்பிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் விலை கூடிய ஷாக்கைப் போட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று நொந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷாக்கையும் அப்போதே பாருங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து கீழ்வரை இறங்கி, அதில் புழுதி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவும்போது அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டாலும் ஷாக் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, டயர். உங்கள் மாடல் இசட்4 கம்பெனியிலிருந்து வரும்போதே ரன்ஃபிளாட் டயரோடு வரும். காற்று இறங்கினாலும் ஓட வேண்டும் என்பதற்காக அதன் பக்கச்சுவர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். நம் ஊர் ரோட்டுக் குத்தலில் பாதி அந்தச் சுவர் வழியாகத்தான் முதுகுக்கு வருகிறது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் முதல் செலவு டயராகட்டும். சாதாரண டயருக்கு மாறினால் சவாரி கண்ணுக்குத் தெரிந்தே மென்மையாகும். ஆனால் இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது ஷாக்குக்கு வருவோம். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை எண்ணெய்க்குள் பிடித்து, சூடாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் வேலை. அதனால் நீண்ட வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் கம்பியும்தான். அந்தச் சாய்வுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை ஷாக் தீர்மானிக்கிறது. புளியரையில் இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்பும்போது நீங்கள் உணர்வது இந்த இரண்டாவது விஷயம். ஆகவே நல்ல ஷாக் அங்கே உதவும். சுற்றி வரும் பெரிய வளைவில் சாய்வு குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்காரர்கள் விளக்காத ஒன்று இருக்கிறது. ஷாக்கில் ‘மெதுவேகம்’, ‘அதிவேகம்’ என்று சொல்வது காரின் வேகத்தை அல்ல, உள்ளே பிஸ்டன் நகரும் வேகத்தை. பிரேக் போடும்போது மூக்கு குனிவது, திருப்பும்போது சாய்வது, நெடுஞ்சாலையில் மெல்ல ஏறி இறங்குவது எல்லாம் மெதுவேகம். பிஸ்டன் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். பள்ளத்தின் விளிம்பு, பாலத்து இணைப்பு, வேகத்தடையின் முனை இவையெல்லாம் அதிவேகம். நல்ல ஸ்போர்ட்ஸ் ஷாக் மெதுவேகத்தில் இறுக்கிப் பிடிக்கும். அதிவேக அடி வந்தால் வால்வைத் திறந்து விட்டுக்கொடுக்கும். மட்டமான ஷாக் இரண்டிலும் ஒரே மாதிரி விறைக்கும். ‘கட்டியாக இருக்கிறது, அதனால் ஸ்போர்ட்டி’ என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். விறைத்த ஷாக் மேட்டில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். தூக்கிய சக்கரத்துக்கு ஏது பிடி? தென்காசி ரோடு, களக்காடு ரோடு, பாபநாசம் போகிற வழி என்று ஓட்டுகிற நமக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஷாக்தான் வேகமான ஷாக்.

மோனோடியூப் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண இரட்டைக்குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே இடத்தில் கிடக்கும். தொடர்ந்து குலுங்கினால் எண்ணெய் நுரைக்கும், நுரைத்தால் பிடி விட்டுப்போகும். மோனோடியூப்பில் நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் அடைத்து, மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் எண்ணெயிலிருந்து பிரித்திருப்பார்கள். குழாய் ஒற்றைச் சுவர் என்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். சித்திரை வெயிலில் செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்கும்போது இதன் அருமை தெரியும்.

இறக்குவது பற்றி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நம் ஊர் உள்ரோட்டில் எத்தனை தடை அப்படி நீளமாக, மழுங்கலாக இருக்கிறது? குட்டையாகக் கூம்பி நிற்பதுதான் அதிகம். இசட்4 ஏற்கெனவே தரையோடு படுத்திருக்கிற வண்டி. 3 சென்டிமீட்டரை எடுத்தால் அடிவயிறு உரசும். அது போக, சக்கரம் மேலே வர இருக்கும் இடத்திலும் அதே 3 சென்டிமீட்டர் போய்விடும். சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடுப்பு ரப்பரில்) போய் முட்டும். வளைவின் நடுவில் முட்டினால் பிடி சட்டென்று அறும், அது ஆபத்து. இன்னொன்றும் உண்டு: இசட்4 போல முன்பக்கம் ஸ்ட்ரட் அமைப்பு (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாக இருப்பது) உள்ள வண்டியை இறக்கினால், அது சாயும் மையம் வண்டியின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிவிடுகிறது. இறக்கியும் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாவிட்டால் வண்டி முன்பைவிடச் சாயக்கூடும்.

காயில்ஓவரே கெட்டது என்று சொல்லவில்லை. ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக், கேடபிள்யூ வேரியன்ட் 3 இரண்டும் அருமையான சரக்கு. வருஷத்துக்கு நாலு முறை கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் நானே வாங்கச் சொல்வேன். உங்களுக்கு அது தேவையில்லை. மழைக்காலச் சேறும் உவரி, திருச்செந்தூர்ப் பக்கத்து உப்புக்காற்றும் அதன் மரையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் உயரத்தைச் சரிசெய்யவே முடியாது.

ஆக, என் தேர்வு பில்ஸ்டைன் பி6. பி6 என்பது கார் கம்பெனி வைத்த உயரத்துக்குச் செய்தது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாடல் இசட்4-ல் அடாப்டிவ் எம் சஸ்பென்ஷன் (எலக்ட்ரானிக் ஷாக்) வைத்து வந்த வண்டியைக் கம்பெனியே 10 மில்லிமீட்டர் இறக்கியிருக்கும். அதனால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பில்ஸ்டைன் பட்டியலில் உங்கள் வண்டிக்கு என்ன பார்ட் நம்பர் என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ரோட்டின் குத்தல்தான் பெரிய தொல்லை என்றால், பட்டியலில் இருக்கும் பட்சத்தில் கோனி ஸ்பெஷல் ஆக்டிவும் நல்லது. சக்கரத்தின் வேகமான நடுக்கத்துக்குத் தளர்ந்தும் வண்டி உடலின் மெதுவான ஆட்டத்துக்கு இறுகியும் தானே மாறிக்கொள்ளும். பட்ஜெட் இடிக்கிறதா? சாக்ஸ் (Sachs) கம்பெனி ஷாக் அல்லது பில்ஸ்டைனின் சாதாரண வகையான பி4 போடுங்கள். 70,000 ஓடிய ஷாக்கிலிருந்து புது பி4-க்கு வந்தாலே வண்டி வேறு வண்டியாகிவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கியர் பக்கத்தில் ஸ்போர்ட் பட்டன் இருக்கிறது என்பதற்காக எலக்ட்ரானிக் ஷாக் என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பட்டன் இந்த மாடல் இசட்4 எல்லாவற்றிலும் உண்டு. ஆக்ஸிலரேட்டரையும் ஸ்டீயரிங்கையும் மாற்றும். ஷாக்குக்கு ஒயர் போகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். போனால் சாதாரண ஷாக் மாட்டியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கத் தனி மாட்யூல் வேண்டும்.

ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போது பக்கவாட்டில் தள்ளுவதை எந்த ஷாக்கும் நிறுத்தாது. தள்ளிய பிறகு வண்டி ஊஞ்சலாடாமல் உடனே நிற்கும், அவ்வளவுதான். அங்கே வேகத்தைக் குறைப்பது உங்கள் கையில்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மேல் நட்டை ஏர் கன் வைத்து இறுக்க விடாதீர்கள். ஷாக்கின் ராடு சுழன்று சீல் கிழியும். ராடைப் பிளையரால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறலே ஒரு மாதத்தில் எண்ணெயை வெளியே கொண்டுவரும். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. அன்றைக்கே வீல் அலைன்மென்ட். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஷாக் மாற்றிய விவரத்தை எழுத்தில் கொடுத்து வையுங்கள். பில்லையும் கழற்றிய பழைய ஷாக்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி பார்த்துவிட்டு, நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து இணைப்புகள் மேல் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சத்தம் இன்னும் இருந்தால் அது ஷாக் இல்லை. லிங்க்கையும் புஷ்ஷையும் மறுபடி நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.