மரம் வெட்டினாங்க, வேற என்ன இருக்கு?

வணக்கம் ஐயா,

என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், போன மாதம் தவறிவிட்டார். ஐசியில் (அடையாள அட்டையில்) பிறந்த ஆண்டு 1928. கைப்பிள்ளையாகத் தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்கு வந்தவர். சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் உடம்பு முடிகிறவரை பால்மரம் வெட்டினார். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. இங்கே பிறந்த தங்கை, கணவருக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் 1970இல் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். பாட்டி போகவில்லை. கடைசிவரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசிதான்.

நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். 'தியாகத்தின் திருவுருவம்', 'எங்கள் குலதெய்வம்' என்றெல்லாம் வந்துவிட்டது. படித்துப் பார்த்தால் யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். மாமாவிடம் கேட்டால், "படிக்காத மனுஷி. மரம் வெட்டினாங்க, பிள்ளைங்கள வளத்தாங்க, வேற என்ன இருக்கு?" என்கிறார். எப்படி எழுதுவது?

அன்புடன்,
ஒரு வாசகி, கெடா

*

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டிக்கு என் அஞ்சலி.

'மரம் வெட்டினாங்க' என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நீங்கள் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிட்டதும் விளக்கோடு காட்டுக்குள் போக வேண்டும். முதலில் பழைய வெட்டின் மேல் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள், அதற்குத் தனி நிறுவை உண்டு. பிறகு சாய்வாக ஒரு சீவல். பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் போகலாம். கத்தி கட்டை வரை இறங்கிவிட்டால் மரத்தில் காயம், கங்காணி வாயில் வசவு. குறைவாகச் சீவினால் பால் வராது. இப்படி ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். கடைசி மரத்தை முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து வாளியோடு பால் எடுத்து, தூக்கிப் போய் நிறுக்க வேண்டும். இதைச் செய்தவரைப் 'படிக்காத மனுஷி' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பல தோட்டங்களில் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. வேலையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும், விடியற்காலையில் தகரக் கூரையில் தூறல் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். உங்கள் பாட்டியிடமும் இப்படி ஏதாவது மிச்சம் இருந்திருக்கும். குலதெய்வத்தை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.

தியாகம் என்ற சொல்லை நான் கூடுமானவரை தவிர்ப்பேன். நம் நினைவு மலர்களில் குத்துவிளக்குப் படத்துக்குப் பக்கத்தில் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை எழுதிவிட்டால், யார் அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. 1920களின் கடைசியில், உங்கள் கொள்ளுப்பாட்டி வந்து இறங்கிய சமயம், முக்கியமான தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். 1930 வாக்கில் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பியும் அனுப்பினார்கள். உங்கள் குடும்பம் அதில் தப்பியிருக்கிறது. எப்படி என்று அம்மாவிடம் கேளுங்கள், ஏதாவது காதில் விழுந்திருக்கும்.

ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு எழுதி வைக்கவில்லை. அப்போது பாட்டிக்கு வயது பதினான்கு, பதினைந்து. இன்னொரு விசித்திரம், அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோன ஜப்பான்காரன் 1943இல் உங்கள் மாநிலமான கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தான். இருந்த இடத்திலேயே நாடு மாறிப் போனது. அரிசி கிடைக்காத அந்த நாட்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, ஆம்பளை இல்லாத வீட்டில் தாயும் மகள்களும் எப்படிக் காலம் தள்ளினார்கள்? நினைவு மலரில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது தங்கை விஷயம்தான். இங்கே பிறந்தவர் அங்கே போனார், அங்கே பிறந்தவர் இங்கே இருந்துவிட்டார். 1968இல் வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் எடுக்க வேண்டும். மே 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு அதைக் கெடுபிடியாக நடைமுறைப்படுத்தியபோது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பத்திரம் சரியாக இல்லாமல் ஊரைவிட்டுப் போனார்கள். ரஜூலா 1973 வரை ஓடியது. பாட்டியைக் கொண்டுவந்த கப்பலிலேயே தங்கை திரும்பிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பாட்டி ஏன் போகவில்லை? பெர்மிட் கிடைத்ததாலா, பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் இருந்ததாலா, இல்லை தங்கை குடும்பத்தோடு ஏதாவது மனஸ்தாபமா? வீட்டில் யார் என்ன சொன்னார்கள்? ஊர் சொல்லியோ கங்காணி சொல்லியோ அவர் இருந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. யோசித்து எடுத்த முடிவாகத்தான் இருக்கும். அந்த முடிவால்தான் நீங்கள் இன்று குடிமக்களுக்கான நீல ஐசியோடு இருக்கிறீர்கள். அவர் மட்டும் கடைசிவரை ஓட்டு இல்லாமல் இருந்தார். குடியுரிமைக்கு விண்ணப்பித்தாரா, மலாய் பேசத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்களா, இல்லை 'எனக்கெதுக்கு' என்று விட்டுவிட்டாரா? தேர்தல் அன்றைக்கு நீங்களெல்லாம் விரலில் மையோடு வீட்டுக்கு வந்தபோது பாட்டி என்ன சொன்னார் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். கெட்ட வார்த்தை இருந்தால் அதையும் சேர்த்து.

அவர் ஐசியின் இரண்டு பக்கத்தையும் மலரில் அச்சடிக்கலாம். எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சின்னப்பாட்டி. உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள். அவருக்கும் தொண்ணூறை ஒட்டி இருக்கும். காது கேட்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையை வைத்துக் கேளுங்கள். மலர் ஒரு மாதம் தாமதமானால் ஒன்றும் குறைந்துவிடாது, மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.