கொரோனா வந்துபோன பிறகு எஸ்ஜிபிடி கூடியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டதாகப் பொருளா?

கேட்டவருக்கு வயது 34. கொரோனா வந்து ஆறு வாரம் ஆகிறது. குடிப்பழக்கம் இல்லை. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் என்ஸைமான எஸ்ஜிபிடி 96 வந்திருக்கிறது. மருத்துவர் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார், இவருக்கு அதுவரை தூக்கம் வராதாம்.

நான் மருத்துவர் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஊசி குத்துகிறவன். 2021 மே மாதம் எங்கள் மேசையைக் கடந்துபோன ரத்தக் குழாய்கள்தான் எனக்குப் பாடம்.

அவற்றில் ஒன்று என் சித்தப்பாவுடையது. முதுநகரில் விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். காய்ச்சலின் ஏழாம் நாள் எடுத்த ரத்தத்தில், அதே பரிசோதனையில் வரும் இன்னொரு என்ஸைமான எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 121. எங்கள் அறிக்கையில் 40-ஐத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் அச்சாகும். அதைப் பார்த்ததும் சித்தப்பா நோயை மறந்துவிட்டார், மானம் முன்னுக்கு வந்துவிட்டது. “ஒரு சொட்டுத் தொட்டவன் இல்லையடா நான். சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆல்பேட்டைச் சாவடியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் புதுச்சேரி எல்லை. எங்கள் ஊரில் ஈரல் என்று சொன்னாலே எல்லோர் கண்ணும் அந்தச் சாலையைத்தான் பார்க்கும். 2020 மே மாதம் புதுச்சேரி அரசு மதுவுக்குக் கொரோனா வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு அளவுக்கு உயர்த்தியபோது இங்கே துக்கம் கொண்டாடியவர்களை நானே அறிவேன்.

சித்தப்பாவிடம் எண்ணைக் காட்டவில்லை, குழாயைத்தான் காட்டினேன். ரத்தம் உறைந்தபின் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்பது சீரம். காமாலைக்காரருடையது மஞ்சள் கரைத்த நீர்போல இருக்கும். குழாயை விளக்குக்கு நேரே பிடித்தாலே தெரிந்துவிடும். சித்தப்பாவுடையது வைக்கோல் நிறம். காமாலையில் கூடும் மஞ்சள் பொருளான பிலிருபின் 0.8 தான், இயல்பான அளவு. ஆனால் அதற்குள் சித்தி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டிருந்தார். காமாலையே இல்லாதவருக்குக் காமாலை மருந்து!

இந்த என்ஸைம்கள் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியவை. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஆனால் எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் சிவப்பணுவிலும்கூட உண்டு. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிற நோயில் தசையிலிருந்தும் அது வரும். நாங்கள் ரத்தத்தைச் சரியாக எடுக்காமல் சிவப்பணு உடைந்தாலும் எண் ஏறும். இதை எங்கள் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கொரோனா கிருமி உடம்புக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற வாசல், கல்லீரலில் பித்தக் குழாய்ச் செல்களில்தான் மிகுதி. கல்லீரல் செல்களில் குறைவு. அப்படியானால் பித்தக் குழாய் அடிபட்டால் கூடுகிற ஏஎல்பி என்ற என்ஸைம் அல்லவா முதலில் ஏற வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு ஏறியது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி. அதனால் கிருமி நேரே கல்லீரலைத் தின்றது என்ற விளக்கம் மட்டும் போதவில்லை.

மூச்சுதான் பெரிய காரணம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து சிரை வழியே வருவது, ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்தது. நுரையீரல் திணறி ஆக்சிஜன் அளவு இறங்கினால் கல்லீரலும் சேர்ந்து திணறும். இன்னொன்று, உடம்பின் எதிர்ப்பு அளவுக்கு மிஞ்சிப் போவது. அந்த நாட்களில் எல்லோரும் நடுங்கிய, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் இருக்கிறதே, அதைச் சுரப்பதே கல்லீரல்தான். ஊரே சிஆர்பி எண்ணைச் சொல்லிக்கொண்டு அலைந்தது, அந்த எண் எந்த உறுப்பின் உழைப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மருந்துகள். ரெம்டெசிவிர் என்ற கிருமி எதிர்ப்பு ஊசி போடும் முன் கல்லீரல் பரிசோதனை கேட்டதற்குக் காரணம், இந்த என்ஸைம்கள் உச்ச வரம்பைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் அதைப் போடக் கூடாது என்பது அன்றைய நடைமுறை. வீட்டில் இருந்தவர்களுக்கு ஆபத்து பாராசிட்டமாலில் இருந்தது. சித்தப்பாவின் மாத்திரை உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன். 650 மில்லிகிராம் நாளைக்கு நான்கு. அது போகச் சளி மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500. கூட்டினால் 4100. பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு 4000-தான் எல்லை. பட்டினி கிடக்கும் உடம்புக்கு அதுவும் அதிகம். மருத்துவரிடம் போனில் சொன்னோம், சளி மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார்.

கஷாயத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். கபசுரக் குடிநீரில் சேரும் பதினைந்து சரக்குகளில் சீந்திலும் ஒன்று. 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்திலைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. தெருமுனையில் கொடுத்த ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் குடித்தவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது.

உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் வேறு. ஏற்கெனவே கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குக் கொரோனா உயிருக்கே உலை வைத்தது. வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து மீண்ட மிகச் சிலருக்குப் பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கின. கல்லீரல் மாற்று வரை போனவர்கள் உண்டு. ஹெபடைடிஸ் பி உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு அதை எழுப்பிவிடக் கூடும்.

உங்கள் 96 அந்த வரிசையில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. அதே தாளில் பிலிருபின், கல்லீரல் செய்யும் புரதமான அல்புமின் என்ன என்று பாருங்கள். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதை அவையே சொல்லும். ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் எடுத்திருந்தால் அதையும். கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், சிறுநீர் கறுத்தால் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். மறுபரிசோதனையிலும் இறங்கவில்லை என்றால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொரோனாவுக்கு முன்பே கொழுப்பு படிந்த ஈரல் இருந்து, இப்போதுதான் கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில நாட்கள் ஜிம்மில் பளு தூக்காதீர்கள், அதுவும் இந்த எண்களை ஏற்றும்.

சித்தப்பாவுக்கு ஜூலையில் மறுபடி எடுத்தேன். எஸ்ஜிஓடி 31, எஸ்ஜிபிடி 29. தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “எழுத்து ஏன் மெலிசாக இருக்கிறது, மை தீர்ந்துவிட்டதா?” என்று கேட்டார்.